இடப்பக்கம் முறுக்கிய குழாய்

ஆடி மாதத்து முதல் சாரல் விழுந்து மண் வாசம் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டிருந்தது. விதை போட இதுதான் சமயம் என்று அலமாரி மேல் இருந்த பழைய பிஸ்கட் டப்பாவை இறக்கினேன்.

மூடியைத் திறந்ததும் காய்ந்த வேப்பிலை வாடை. பூச்சி வராமல் இருக்க வேப்பிலையை மேலே பரப்பி வைப்பேன். அதற்கு அடியில் காகிதக் குழாய்கள் படுத்திருக்கும். ஒரு குழாய்க்கு ஒரு பூவின் விதை. குழாய் மேல் பெயர் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. காதருகில் வைத்துக் குலுக்கினால் போதும். அந்திமந்தாரை கலகலவென்று கேட்கும். கோழிக்கொண்டை மணல் மாதிரி சரசரக்கும். செண்டுப்பூ விதை சத்தமே காட்டாது.

ஒவ்வொன்றாகக் குலுக்கி வெளியே வைத்துக்கொண்டு வந்தேன். அடியில் கிடந்த குழாய் ஒன்று கைக்கு வந்தது. அதன் முனையில் விரல் பட்டதும் தேளைத் தொட்டவள்போலக் கையை உதறிவிட்டேன். குழாய் தரையில் உருண்டு அம்மிக்கு அடியில் போய் நின்றது.

அந்தக் குழாயின் அடி இடப்பக்கமாக முறுக்கியிருந்தது.

முறுக்கைப் பார்த்தால் ஆள் தெரியும்

வெளியூர்க்காரர்களுக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும். கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

சிவகாசியை ஒட்டிய எங்கள் விஸ்வநத்தம் பக்கத்தில் பெண்கள் வீட்டில் உட்கார்ந்தும் கம்பெனியில் உட்கார்ந்தும் பட்டாசுக்குக் குழாய் சுற்றுவார்கள். கம்பியில் காகிதத்தைச் சுற்றி, ஓரத்தில் பசை தடவி, பலகையில் ஒரு உருட்டு உருட்டிக் கம்பியை உருவினால் குழாய். நானும் கண் மங்குகிற வரைக்கும் அந்த வேலைதான் பார்த்தேன். விதை வைக்கிற குழாய் என்றால் அடியைத் திருகி முறுக்கி மூடிவிடுவேன். அம்புட்டுத்தான் வித்தியாசம்.

எனக்கு வலது கைப் பழக்கம். என் முறுக்கு வலப்பக்கம் திரும்பும். என் தங்கச்சி ஸ்டெல்லா நொட்டாங்கைக்காரி. அவள் முறுக்கு அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும். "இவ என்ன, கண்ணாடியப் பாத்துச் சுத்துறாளா?" என்று போர்மேன் கேலி செய்வாராம். எங்கள் வீட்டில் ஒரு கூடைக் குழாயைக் கொட்டினாலும் எது அவள் கை, எது என் கை என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடலாம்.

ஸ்டெல்லா இறந்து வெகுகாலமாகிவிட்டது. அவள் போனபோது மகள் மெர்சி ஒன்றாம் வகுப்பு. இந்தக் குழாய் கையில் கிடைத்தபோது மெர்சி வேலைக்குப் போகிற பெண்.

பழைய குழாய் எப்படியோ கிடந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அம்மிக்கு அடியிலிருந்து எடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். சிவகாசி அச்சாபீஸ்களில் மிஞ்சிய தாள்தான் எங்கள் வீட்டுக் குழாய்களுக்கெல்லாம். இது தினசரிக் காலண்டர்த் தாள். பாதி எண்கள் பசைக்குள் போயிருந்தாலும் வருஷம் தெளிவாகத் தெரிந்தது. விரல் வைத்து எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி இரண்டு முறை படித்தேன்.

நடந்துகொண்டிருக்கிற வருஷம்.

வாயைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினேன். கடுகைவிட ஒரு சுற்றுப் பெரிது. பழுப்பு. சொரசொரப்பான உருண்டை. காசித்தும்பை விதை.

எங்கள் வீட்டில் காசித்தும்பை கிடையாது. ஸ்டெல்லாவைப் புதைத்த வருஷமே நான் அதை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் கறுப்பு என்றால்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறக்க அன்றும் கூச்சம், இன்றும் கூச்சம். கோயிலில் பாட்டுப் பாடும்போதுகூட உதட்டை மட்டும் அசைப்பேன். என் வீட்டுக்காரர் சீக்கிரம் போய்விட்டார், பிள்ளை குட்டி இல்லை. செடி கொடிகளிடம் பேசினால் யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்று அதில் இறங்கினேன்.

பூ பூத்திருக்கும்போது எல்லாரும் நின்று பார்ப்பார்கள். வாடிக் கருகித் தலை தொங்கிய பிறகு ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அப்போதுதான் வேலை.

செண்டுப்பூவைக் காம்பிலேயே காய விடவேண்டும். அடிக்கூடு பழுப்பேறிய பிறகு பிய்த்தால் உள்ளே கறுத்த ஊசிகள் இருக்கும், வால் மட்டும் வெளுப்பாக. முழுக்க வெளுத்துச் சப்பையாக இருப்பது முளைக்காது. வாடாமல்லித் தலையை உதிர்த்தால் பஞ்சு பஞ்சாக வரும். நகத்தால் நெருடினால் உள்ளே ஒளிந்திருக்கிற விதை தட்டுப்படும். கோழிக்கொண்டைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. தாள் மேல் கவிழ்த்துத் தட்டினால் கறுகறுவென்று மினுக்கிக்கொண்டு கொட்டும்.

ஒருமுறை பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் உறை மோர் கேட்டு வந்தாள். நான் விறகடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கோழிக்கொண்டை விதையைத் தாளில் பரப்பிக்கொண்டிருந்தேன். அவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"யக்கா, மெதுவா எந்திரிச்சு வெளிய வந்துருங்க. அடுப்ப நான் பாத்துக்கிடுறேன்" என்றாள், தூங்குகிற குழந்தை பக்கத்தில் பேசுகிற குரலில்.

அவள் ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் சாய்த்த பிறகுதான், "இது பூ விதைம்மா" என்றேன். சோறு பாதி வெந்தபடி நின்றது. இரண்டு பேரும் சிரித்தோம். அவள் அடுப்பை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் மோர்க் கிண்ணத்தை நீட்டினாள். எங்கள் ஊரில் கறுப்பாகப் பொடியாக எதைப் பார்த்தாலும் முதலில் பட்டாசு மருந்து. எள்ளும் கடுகும் விதையும் அப்புறம்தான்.

கைக்குள் துள்ளும் காய்

காசித்தும்பை மற்றப் பூக்கள் மாதிரி இல்லை. காய் முற்றிய பிறகு யாருக்கும் காத்திருக்காது. விரல் பட்டதும் டக்கென்று தோல் சுருண்டு விதையைச் சிதறிவிடும். அதை எடுக்க ஒரே வழிதான். வெடிக்குமுன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்ள வேண்டும். கைக்குள் சின்ன உயிர் ஒன்று துள்ளுகிற மாதிரி இருக்கும்.

ஸ்டெல்லாவுக்கு அந்தத் துள்ளல்தான் பிரியம். எனக்கும் அவளுக்கும் நடுவில் பிறந்தவை தங்கவில்லை. நான்தான் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தேன். அவள் வைத்திருந்த காசித்தும்பை, அவள் படித்த பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்களின் தோட்டத்திலிருந்து வாங்கி வந்தது. வெள்ளைப் பூ. இதழெல்லாம் சிவப்பு தெறித்திருக்கும், அரிவாள்மணையில் அறுபட்ட விரலை உதறினாற்போல. எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அந்த ஜாதி இல்லை.

கம்பெனியில் குழாய் ரூமுக்கு வேலைக்குப் போனதும், "அங்கன எங்க பாத்தாலும் வேப்பமரந்தான்க்கா, கண்ணுக்கு ஒரு பூ கிடையாது" என்று சொல்லி இந்த விதையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். வாசலில் ஊக்கு, கொண்டை ஊசி, வளையல் எல்லாம் கழற்றச் சொல்லிச் சோதிப்பார்கள். விதையை விட்டுவிட்டார்கள்.

குழாய் ரூமில் மருந்து கிடையாது, வெறும் காகிதமும் பசையும். அந்தத் தைரியத்தில்தான் அவளை விட்டேன். ஒரு தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் நெருக்கடி. மருந்து அடைக்கிற ரூமுக்கு ஒரு ஆள் வரவில்லை என்று இவளைக் கூப்பிட்டார்கள். ஒரு நாளைக்குத்தானே என்று போய் உட்கார்ந்தாள்.

சத்தம் எங்கள் வீட்டுப் பாத்திரங்களை அசைத்தது.

பெட்டியை மூடியே கொடுத்தார்கள். ஒரு சேலைத் துண்டைக் காட்டிக் கேட்டார்கள், தலையாட்டினேன். முகம் பார்க்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் திருப்பூருக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். மெர்சி என்னிடம் வளர்ந்தாள். அந்த வருஷம் மழை விட்ட பிறகு முற்றத்துக் காசித்தும்பைக் காய்கள் டக், டக் என்று வெடித்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் பிள்ளை திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் பிடுங்கி எறிந்தேன்.

அவளிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. பட்டாசு வேலைப் பக்கம் போகக்கூடாது. பசைச் சட்டியைத் தொடக்கூட அவளை விட்டதில்லை. வளர்ந்து சிவகாசியில் ஒரு அச்சாபீசில் காலண்டர்த் தாள் அடுக்குகிற வேலைக்குப் போனபோது, மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன்.

விதைத்துவிட்டுக் காத்திருந்தேன்

விதையைப் பார்த்துப் பூவின் பெயரைச் சொல்லலாம். நிறத்தைச் சொல்ல முடியாது. அது மண்ணுக்குள் போய் வெளியே வந்து தானே சொல்லவேண்டும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈரம் தங்கும் இடத்தில் அந்த விதையைத் தூவினேன். மெர்சியிடம் எதுவும் சொல்லவில்லை.

முளை விட்டது. இலை விட்டது. எனக்குள்ளும் ஒரு நினைப்பு முளைவிட்டு வளர்ந்தது. மூடின பெட்டிக்குள் இருந்தது அவள்தானா? சேலைத் துண்டு யாரிடமும் இருக்கலாமே? எங்கேயோ பிழைத்துக் கிடந்து, முகம் காட்ட மனசில்லாமல், ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து டப்பாவில் போட்டுவிட்டுப் போகிறாளோ?

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? வாயால் சொல்லவில்லையே தவிர, உலையில் அரிசி ஒரு பிடி கூடுதலாக விழ ஆரம்பித்தது. கடைக்குப் போகும்போது கதவைப் பூட்டாமல் சாத்தி மட்டும் வைத்தேன். மத்தியான நேரம் துணி துவைத்துக்கொண்டிருந்தால் முதுகுக்குப் பின்னால் பலகையில் கம்பி உருளுகிற சத்தம் கேட்கும். திரும்பினால் ஒன்றும் இருக்காது. மறுபடி குனிந்தால் கேட்கும்.

ஒருநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவள் குழிமேல் கை வைத்து, "ஏட்டி, நீ இங்கனதான இருக்க?" என்று கேட்டேன். வெயிலில் சிமெண்டு சுட்டது. சுடச்சுட எடுக்காமல் வைத்திருந்தேன்.

புரட்டாசியில் முதல் மொட்டு விரிந்தது. வெள்ளை. இதழில் சிவப்புத் தெறிப்பு.

மெர்சி பக்கத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தாள். அவளும் பார்த்தாள். பிரஷ் வாயிலேயே நின்றது. பிறகு வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புதிதாக ஒரு பூ பூத்திருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை.

ஒரு குழாய் சுற்றித் தா

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வாடாமல்லித் தலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தேன். அச்சுப் பிழையான கல்யாணப் பத்திரிகைத் தாளையும் கம்பியையும் பசைக் கிண்ணத்தையும் மெர்சி பக்கம் நகர்த்தினேன்.

"கையெல்லாம் பஞ்சா ஒட்டுது. ஒரு குழாய் சுத்தித் தாட்டி" என்றேன்.

அப்படி நான் அவளைக் கேட்டதே இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கம்பியை எடுத்தாள்.

மெர்சி எழுதுவது வலது கையில். சாப்பிடுவது, தலை சீவுவது எல்லாம் வலது கைதான். கம்பியில் தாளைச் சுற்றியதும் இடது உள்ளங்கை அதன்மேல் போய் அமர்ந்தது. ஒரு உருட்டு. கம்பி வெளியே வந்தது. அடி திரும்பி முறுக்கிக்கொண்டது. நான் ஒரு மூச்சு விடுவதற்குள் குழாய் என் முன்னால் கிடந்தது.

அந்த வேகம் ஒரு நாளில் வருவதில்லை. ஸ்டெல்லாவே எதிரில் வந்து உட்கார்ந்திருந்தால்கூட நான் அம்புட்டுப் பயந்திருக்க மாட்டேன்.

"எந்தக் கம்பெனி?" என்று கேட்டேன்.

அவள் தலை குனிந்தாள். "அம்மா இருந்ததுதான்."

அச்சாபீசை விட்டு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். கூடப் படித்த முத்துலட்சுமி அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்க ஒருநாள் போனவள், பின்பக்கம் அன்று வெடித்து இடிந்துபோன மருந்து ரூமின் தளத்தில் இந்தப் பூ பூத்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு அச்சாபீசில் உட்காரக் கால் தரிக்கவில்லை என்றாள். விதையை அவள்தான் எடுத்து வந்து டப்பாவில் வைத்திருக்கிறாள்.

"குழாயப் பாத்தா கண்டுபிடிச்சிருவீக, கேட்டா சொல்லிரலாம்னு இருந்தேன். நீங்க கேக்கவே இல்ல, பெரியம்மா."

"இடது கையில சுத்த யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல. கம்பியத் தொட்டா கை தானா அப்படிப் போகுது."

நின்றுவிடு என்றேன். தான் இருப்பது குழாய் ரூம்தான், மருந்து ரூம் இல்லை என்றாள்.

"ஒங்கம்மாவும் குழாய் ரூம்லதான் இருந்தா" என்றேன்.

"போன வாரம் மருந்து ரூமுக்கு ஆள் கேட்டாக. நான் கையத் தூக்கல" என்றாள். சுற்றிய குழாயை எடுத்துப் பார்த்தபடி, "அங்கன உக்காந்தா அம்மா பக்கத்துல இருக்க மாதிரி இருக்கு. நான் நின்னுட்டா அவ ஒத்தையில கெடப்பா" என்றாள்.

அடுத்த முறை ஆள் கேட்கும்போது அந்தக் கை உயருமா, உயராதா? அன்றிலிருந்து தீபாவளி வரைக்கும் எனக்கு இது ஒன்றுதான் நினைப்பு. தினமும் அவள் டிபன் பாக்சை மூடும்போது அந்தக் கையையே பார்த்தேன். சாயங்காலம் அவள் செருப்புச் சத்தம் கேட்கிற வரைக்கும் வாசலிலேயே நிற்பேன்.

உச்சி வெயிலில்

தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டார்கள். முத்துலட்சுமி வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருந்தாள். நானும் மெர்சியும் போனோம். நான் ஒரு துணிப்பை எடுத்துக்கொண்டேன்.

தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள். நடுவில் வேப்பமரங்கள். ஆள் இல்லாத கம்பெனியில் காக்காய்கூடக் கத்தவில்லை. பின்பக்கம் போனால் சுவரில்லாத ஒரு தளம். வெடித்த சிமெண்டுத் தரை கறுத்திருந்தது. சுவர் இருந்த இரண்டு பக்கமும் விரிசலில் மண் சேர்ந்து காசித்தும்பை வளர்ந்து நின்றது.

எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. இடுப்பு உயரம். பெண்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிற உயரம்.

டக். எங்கேயோ ஒரு காய் வெடித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு பக்கம் டக். அந்த அமைதியில் அவர்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது.

வரிசையில் ஒரு இடம் மட்டும் செடி இல்லாமல் காலியாக இருந்தது. மெர்சி நேராகப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். தினமும் உட்காருகிற இடம்போலச் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

இத்தனை வருஷம் வாயில்லாதவள் என்று பெயர் எடுத்தவள் நான். அன்று அந்தத் தளத்தில் நின்று சத்தமாகவே பேசினேன்.

"ஏட்டி ஸ்டெல்லா, ஒன் வெதைய நான் வீட்டுக்குக் கொண்டு போறேன். நீயும் எங்கூட வந்துரு. பிள்ளைய விட்டுரு."

சொல்லி முடித்ததும் நான் தொடாத காய்கள் சடசடவென்று வெடித்தன. வெயிலுக்குத்தான் வெடித்திருக்கும். இரண்டு விதை என் கன்னத்தில் வந்து பட்டது.

குனிந்து ஒவ்வொரு காயாகப் பொத்திப் பையில் போட்டேன். காய் எடுத்த செடியைப் பிடுங்கினேன். ஒரு வரிசை முடிந்து மறு வரிசைக்கு வந்தபோது முதுகு நிமிரவில்லை. மெர்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் வெறும் விரிசல் மட்டும் மிஞ்சிய பிறகு எழுந்து வந்தாள். பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று மெர்சி டிபன் பாக்சைத் தேடவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் மறுபடி அச்சாபீசுக்குப் போனாள்.

போன வாரம்

இந்தப் பத்திரிகைக்கு வாராவாரம் செடி கொடி பற்றி நான் எழுதுகிறதையெல்லாம் பிழை திருத்தித் தருவது மெர்சிதான். இந்த வாரத்துக்கானதை மட்டும் அவளிடம் காட்டாமல் தபாலில் சேர்க்கிறேன். பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

அந்தத் தளத்துக்குப் போய்வந்து சில வருஷங்கள் ஓடிவிட்டன. ஒவ்வொரு மழைக்கும் எங்கள் முற்றத்தில் அந்தப் பூ பூக்கிறது. காய் வெடித்தால் மெர்சி இப்போது திடுக்கிடுவதில்லை.

போன வாரம் முத்துலட்சுமி பிள்ளைக்குக் காது குத்து என்று அழைக்க வந்தாள். மெர்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் காப்பி கொடுத்தேன். ஊர்க்கதை, கம்பெனிக்கதை எல்லாம் பேசிவிட்டு முத்துலட்சுமி என் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா, அன்னைக்கு அம்புட்டையும் பிடுங்கிட்டு வந்தீகள்ல? இந்த மழைக்கு மறுபடி மொளைச்சிருக்கு. ஆனா பழைய எடத்துல இல்ல. எங்க குழாய் ரூம் வாசப்படி ஓரமா வரிசையா நிக்குது. உள்ள வா, வான்னு ஆள் கூப்புட்ட மாதிரி" என்று சொல்லிச் சிரித்தாள்.

விதை தெறித்துப் போயிருக்கும், எறும்பு இழுத்துப் போயிருக்கும் என்றேன். அது உண்மைதான். காசித்தும்பை அப்படித்தான் பரவும்.

மெர்சியும் சிரித்தாள். அவள் வலது கையில் காப்பித் தம்ளர் இருந்தது. இடது உள்ளங்கை மடிமேல் முன்னும் பின்னும் மெல்ல உருட்டிக்கொண்டிருந்தது. கம்பியும் இல்லை, காகிதமும் இல்லை. அது அவளுக்கே தெரியவில்லை.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து என் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன்.

உள்ளே அது துள்ளியது.